ஜெர்மனிக்கு இன்டர்ன்ஷிப் போகிறீர்களா? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கோடையில் இரண்டு மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஜெர்மனி கிளம்பும் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புவதும் என் தலையில் விழுந்த வேலை. மாணவனாக இருந்தபோது நானும் ஒரு கோடையை ட்ரெஸ்டன் நகரத்தில் கழித்தவன்தான். அதனால் உதாரணங்கள் அந்த ஊரையே சுற்றிவந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

எத்தனை மாதம் முன்னால் தொடங்க வேண்டும்?

மே மாதம் விமானம் ஏற வேண்டுமானால் முந்தின வருஷம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, இந்திய இளநிலை மாணவர்களுக்காக ‘வைஸ்’ என்று ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது. அறிவியல், பொறியியல் படிப்பவர்கள் கோடையில் ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்வதற்கானது. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் மூடிவிடும். அதற்குள் அங்கிருக்கும் ஒரு பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதை நீங்களேதான் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். கல்லூரி வாங்கித் தராது.

பேராசிரியருக்கு என்னவென்று எழுதுவது?

‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு அனுப்புகிறவர்களுக்குப் பதில் வராது. அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். பெயருக்கு முன்னால் பட்டத்தைச் சரியாகப் போட்டு, அந்தக் கட்டுரையில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேள்வியாக எழுதுங்கள். அப்புறம் உங்களால் என்ன செய்ய முடியும் என்று நாலு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கல்லூரியின் பெருமை, அப்பாவின் தொழில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

எந்த விசா?

90 நாளுக்கு உட்பட்டது என்றால் பெரும்பாலும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா. ஒரு நாள் கூடினாலும் ஜெர்மனியின் நீண்ட கால விசாவான தேசிய விசா, அதற்குக் காகிதமும் காத்திருப்பும் அதிகம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்த 90-க்குள் அடக்கம். ‘மூன்று மாதம்’ என்று பொத்தாம்பொதுவாக எண்ணி 92 நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். பல்கலைக்கழகத்தில் இல்லாமல் ஒரு கம்பெனியில் பயிற்சி என்றால், அந்த நாட்டு வேலைவாய்ப்பு அமைப்பின் ஒப்புதலும் பெரும்பாலும் தேவைப்படும். அதைக் கம்பெனியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பளம் தருவார்களா?

படிப்பின் பகுதியாகக் கட்டாயம் செய்ய வேண்டிய பயிற்சிக்கு ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. படிக்கும்போது விருப்பத்தின் பேரில் செய்வதும் மூன்று மாதத்துக்குள் இருந்தால் அப்படித்தான். ஆகவே தருவதைத் தருவார்கள், தராமலும் இருக்கலாம். உதவித்தொகை இல்லாமல் போகிறவர்கள் அறை வாடகையை முதலில் விசாரித்துவிட்டு வீட்டில் பேசுங்கள்.

ஆங்கிலம் போதாதா? ஜெர்மன் எதற்கு?

ஆய்வுக்கூடத்துக்கு ஆங்கிலம் போதும். ரொட்டிக் கடைக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும், ரயில் நடுவழியில் நின்றுபோனால் வரும் அறிவிப்புக்கும் போதாது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெர்மன் கற்றுத்தரும் நுங்கம்பாக்கம் மேக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. மற்றவர்கள் இணையத்தில் முதல் நிலையான ஏ-1 அளவுக்காவது படித்துவிட்டுப் போங்கள்.

என் கதையையே சொல்கிறேன். முதல் வாரம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளருக்கு ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒரு கருவியைக் காட்டித் தருவதாகச் சொல்லி, நேரத்தை ஜெர்மனில் சொன்னார்: ‘ஹால்ப் ட்ரை’. எனக்கு எண்கள் தெரியும். ஹால்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. ஆக மூன்றரை என்று நம்மூர்க் கணக்குப் போட்டு, மூன்று இருபத்தைந்துக்கே பெருமையாகப் போய் நின்றேன். கருவியை மூடித் துணி போட்டுவிட்டு மனிதர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மானியருக்கு ‘அரை மூன்று’ என்றால் மூன்றை நோக்கிப் பாதி வழி, அதாவது இரண்டரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் போட்டு, முள் வரைந்து, 14.30 என்று எழுதி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. மறுநாள் இரண்டு இருபதுக்கே வாசலில் நின்றேன். அன்றைக்குச் சிரித்தார்.

‘சார்’ என்று கூப்பிடலாமா?

கூப்பிட்டால் முழிப்பார்கள். ஜெர்மனில் ‘ஸீ’, ‘டூ’ என்று இரண்டு இருக்கின்றன. நம்முடைய நீங்கள், நீ மாதிரியேதான். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றையே வைத்து ஓட்டுகிறவர்களைவிட நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் ஒரு வித்தியாசம்: பெரியவர்தான் முதலில் ‘இனிமேல் டூ என்றே சொல்லலாம்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீங்களும் அவரை ‘டூ’ என்றுதான் சொல்ல வேண்டும், முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் நாக்கு எழாது. நான் பத்து நாள் அவரைக் கூப்பிடாமலேயே சமாளித்தேன். கதவருகே போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அதற்குக் கூப்பிட்டே இருக்கலாம்.

வேலையில் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

பாடத்தில் இல்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் புரியாமலேயே தலையாட்டுவதில்தான். அதிலும் நம்மூர்த் தலையாட்டல் பக்கவாட்டில் போகும். அவர்களுக்கு அது ‘இல்லை’ போலவும் தெரியும், ‘ஆமாம்’ போலவும் தெரியும். என்னிடமிருந்து போன ஒரு மாணவன், கொடுத்த அளவீட்டை எந்த வெப்பநிலையில் எடுக்க வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு வாரம் தப்பான வெப்பநிலையில் எடுத்துக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளர் கோபித்துக்கொண்டாராம். தப்புக்காக அல்ல, கேட்காமல் இருந்ததற்காக. ஓயாமல் கேள்வி கேட்டால் நம் வகுப்பறையில் வாயாடி என்று பெயர் வாங்குவோம். அங்கே வாயைத் திறக்காதவனுக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம்.

இதற்காகவே போகும் முன் இரண்டு பயிற்சி வைக்கிறேன். ஒன்று, தன் புராஜெக்டை ஸ்லைடு இல்லாமல் மூன்று நிமிடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு விளக்க வேண்டும். அவர்கள் கேட்பதில் விடை தெரியாத ஒன்றுக்காவது ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இரண்டாவது, மொழி தெரியாத ஊருக்குத் தனியாக ஒரு நாள் போய்வர வேண்டும். பாலக்காடு கணக்கில் வராது, மலையாளம் பாதி புரிந்துவிடும். ஹூப்ளிக்குப் போகச் சொல்வேன். வழி கேட்டு, சாப்பிட்டு, ஒரு கடைக்காரரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். இதைச் செய்தவர்களுக்கு அங்கே முதல் வாரம் கண்ணீர் வருவதில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்களே, நான் இருந்து வேலை பார்த்தால் நல்ல பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. வேலை முடிந்த நேரத்துக்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது: ‘ஃபையராபெண்ட்’. கிளம்பும்போது ‘நல்ல ஃபையராபெண்ட்’ என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதேபோல மதியம் பன்னிரண்டு மணிக்கு நடைபாதையில் எதிர்ப்படுகிறவர் ‘மால்ட்சைட்’ என்பார். சாப்பாட்டு வேளை என்பதுதான் பொருள். திருப்பி நீங்களும் ‘மால்ட்சைட்’ என்றால் போதும், பாதி ஜெர்மானியர் ஆகிவிட்டீர்கள்.

எந்த மாணவரை அனுப்பினாலும் நான் கவலைப்படுவது அந்த ஐந்து மணிக்கு அப்புறம் என்ன செய்கிறார் என்பதைப் பற்றித்தான். ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நான்கு மணி நேர வெயிலை ஜன்னல் திரையை மூடிவிட்டு, வீட்டுக்கு வீடியோ காலும் கிரிக்கெட்டுமாகக் கழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வந்து எழுதும் அறிக்கையில் வேலைகூடச் சப்பென்று இருக்கும். சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனவர்களோடு பழக்கம் ஆகியிருந்தால்தானே காலையில் கருவியைப் பற்றித் தயங்காமல் கேட்க முடியும்?

சரி, எங்கே போவது? எப்படிப் பழகுவது?

முதலில் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பெயர் கொடுங்கள். கட்டணம் குறைவு, ஆட்டத்துக்கு மொழி தேவையில்லை. மொழிப் பரிமாற்றத் துணை தேடுங்கள்: நீங்கள் ஆங்கிலமோ தமிழோ கற்றுத்தர, அவர் ஜெர்மன் கற்றுத்தருவார். ஆய்வுக்கூடத்தில் யாராவது ‘வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் இறைச்சி சுடப்போகிறோம், வருகிறாயா’ என்றால் சைவமாக இருந்தாலும் போங்கள். மக்காச்சோளமும் குடைமிளகாயும் வாங்கிக்கொண்டு போனால் அவர்களே தனித் தட்டில் சுட்டுத் தருவார்கள். பீர் குடிக்காதவரை யாரும் வற்புறுத்துவதில்லை. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ‘ஆப்ஃபெல்ஷோர்லே’ எங்கும் கிடைக்கும்.

ட்ரெஸ்டனுக்குப் போகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்வது மூன்று இடங்கள்.

முதலாவது, அரண்மனை அருங்காட்சியகத்தில் ‘பச்சை நிலவறை’ என்ற கருவூலம். அங்கே ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பாரைப் பொன்னிலும் வெள்ளியிலும் மணிகளிலும் பொம்மைக் கொலு போலச் செய்து வைத்திருக்கிறார்கள். டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை செய்தது. அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. கேள்விப்பட்டதை வைத்தே நம் நாட்டைக் கட்டியிருக்கிறார். நானும் ஜெர்மனியைப் பற்றி அப்படித்தானே ஒரு கொலு வைத்துக்கொண்டு வந்திருந்தேன் என்று அதன் முன்னால் நின்றபோது தோன்றியது.

இரண்டாவது, எஸ்-1 என்ற புறநகர் ரயிலில் ராத்தன் என்ற ஊர். ஏறக்குறைய நாற்பது நிமிடம். இறங்கி எல்பே ஆற்றைக் கடக்க ஒரு படகு. அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் நடுவே நங்கூரமிட்ட நீளக் கம்பியில் கட்டியிருப்பார்கள். படகைச் சற்றுச் சாய்த்துத் திருப்பியதும் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். எந்திரவியல் மாணவர்கள் விசைகளைப் படம் வரைந்து பார்க்கத் தோதான இடம். அக்கரையில் படியேறினால் பாஸ்டை பாறைகளும் 1851-இல் கட்டிய கல் பாலமும்.

மூன்றாவது புல்ஸ்னிட்ஸ். ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே சின்ன ஊர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு பிறந்த ஊர் இதுதான். ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பெருமை ‘மிளகுக் கேக்’. 1558 முதல் சுடுகிறார்களாம். கடித்துப் பார்த்தால் பட்டை, கிராம்பு வாசம்தான், மிளகுக் காரம் இல்லை. அந்தக் காலத்தில் தூரதேசத்திலிருந்து கப்பலில் வந்த வாசனைப் பொருள் எல்லாவற்றுக்கும் மிளகு என்றே பெயராம். கடைக்கார அம்மாவிடம் நான் தரங்கம்பாடி மாநிலத்துக்காரன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, ஒரு கேக்கைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

இன்னும் ஆர்வம் இருந்தால் லைப்சிக்கில் வண்டி மாறி ஹால்லே போங்கள். தமிழ் எழுத்துகளை அச்சுக்கு வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய ஊர் அது. ஃபிராங்கே அறக்கட்டளையின் ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

தமிழர்கள் யாரையாவது பார்க்க முடியுமா?

1980-களிலிருந்து போரால் இலங்கையை விட்டு வந்த ஈழத்தமிழர்கள் அங்கே வேரூன்றியிருக்கிறார்கள். மேற்கே ஹம் நகரத்தில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே முழுக் கோபுரம். கோடைத் தேர்த்திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். டார்ட்முண்ட், ஆஹன் பக்கம் இருப்பவர்கள் தவறவிடாதீர்கள். ஆனால் அவர்களை ‘நீங்க எந்த ஊர், எப்போ வந்தீங்க’ என்று எடுத்த எடுப்பில் துருவ வேண்டாம். பலருக்கு அது சுகமான கதை இல்லை. அவர்களே சொன்னால் கேளுங்கள்.

ரயில் டிக்கெட்?

மாதச் சந்தாவாக ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ வாங்குங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு வண்டிகளில் மட்டும் ஏறிவிடாதீர்கள். நிறுத்த நினைத்தால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். மறந்தால் ஊர் திரும்பிய பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கும். நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லையே என்று சீட்டு இல்லாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். சாதாரண உடுப்பில் வந்து கேட்பார்கள்.

நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். பிள்ளை என்ன சாப்பிடும்?

பல்கலைக்கழக உணவகமான ‘மென்சா’வில் ஒவ்வொரு நாளும் சைவ உணவு இருக்கும். ஆனால் அவர்களின் ‘வெகெடாரிஷ்’ என்பதில் முட்டை சேரும். முட்டை வேண்டாதவர் ‘ஓனே ஐ’ என்று கேட்கலாம், அல்லது பாலும் முட்டையும் சேராத, வீகன் என்று குறித்ததை எடுக்கலாம். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு.

கட்டிக் கொடுத்து அனுப்பும் அம்மாக்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பன்னீரும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சாம்பார்பொடி போதும். அரிசியும் உளுந்தும் ஆசியக் கடைகளில் கிடைக்கின்றன.

விடுதியில் சமைக்கலாமா?

தாராளமாக. ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். வீடுகளில் புகை உணரி கட்டாயம். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, காய்ந்த மிளகாயைப் போட்டதும் எழும் நெடி அதற்குத் தீவிபத்து. எங்கள் தளத்தில் நான் ரசம் தாளித்த ஞாயிறு மாலை பதினாறு பேர் செருப்பில்லாமல் படியிறங்கி முற்றத்தில் நின்றார்கள். மூன்றாம் அறைக்காரன் துண்டோடு வந்திருந்தான். மறுநாள் மாலை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டு அதே ரசத்தைக் கொடுத்தேன். என் முதல் நண்பர்கள் அப்படித்தான் கிடைத்தார்கள், ஆனால் இதை உத்தியாகப் பரிந்துரைக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

ஞாயிற்றுக்கிழமை?

கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் தவிர. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள், காலிக் கண்ணாடிப் பாட்டில்களைப் பொதுத் தொட்டியில் சத்தமாகப் போடாதீர்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரையும் இதே கதை. பிளாஸ்டிக் பாட்டில், டின்களைத் தூக்கி எறிய வேண்டாம். வாங்கும்போதே 25 சென்ட் வைப்புத்தொகை பிடித்திருப்பார்கள். கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும்.

போன இடத்தில் முகவரியைப் பதிய வேண்டுமாமே?

வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று மாதத்துக்குள் திரும்புகிறவருக்குத் தேவையில்லை. அதற்கு மேல் தங்குவதாக இருந்தால், குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரரிடம் அதற்கான உறுதிக் கடிதத்தைச் சாவி வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.

மகளைத் தனியாக அனுப்புகிறோம். இனவெறி அது இது என்கிறார்களே?

இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ட்ரெஸ்டனிலேயே 2014-இல் பெகிடா என்ற குடியேற்ற எதிர்ப்பு இயக்கம் கிளம்பிப் பல ஆண்டுகள் திங்கட்கிழமை ஊர்வலம் போனது. அதை எதிர்த்து அதே ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கியதும் உண்டு. ஊர்வலம் எதுவானாலும் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். பின்னிரவில் டிராமில் ஓட்டுநருக்குப் பக்கத்துப் பெட்டியில் உட்காருங்கள். யாராவது தொந்தரவு செய்தால் காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112. மற்றபடி, அங்கே பெண்கள் இரவில் சைக்கிளில் தனியாகப் போவதைப் பார்த்துவிட்டு வந்த என் மாணவிகள் கேட்ட கேள்வி வேறு: நம்ம ஊரில் ஏன் சார் முடியவில்லை?

ஆய்வுக்கூடத்துக்கு என்ன வாங்கிப் போகலாம்?

விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். கொடுத்தால் சங்கடப்படுவார்கள். அவர்கள் பரிசை உங்கள் முன்னாலேயே பிரிப்பார்கள், அதைக் கண்டு நீங்கள் பதற வேண்டாம். உங்கள் பிறந்தநாள் அங்கே வந்தால் கேக் வாங்கி வைக்க வேண்டியது நீங்கள்தான். ஒரு நாள் முன்னதாக யாரையும் வாழ்த்திவிடாதீர்கள், அது அவர்களுக்கு அபசகுனம்.

என் மாணவர்கள் பெட்டியில் தவறாமல் இருப்பது கோவில்பட்டி கடலைமிட்டாய். நெய் இல்லை, முட்டை இல்லை, உடையாது, ஒரு மாதம் தாங்கும். காபி மேசையில் பிரித்து வைக்கும் முன் ‘எர்ட்நுஸ்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாதவர் அங்கே யாராவது இருக்கலாம்.